எந்தக் கரையில் தங்குவது?

கெடாவின் லூனாஸில் யாராவது தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள் என்றால், ஏதாவது ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார், பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனவர், கேட்டால் சொல்லுவார் என்று எனக்கு ஒரு பெயர். கேட்பது ஒன்றுதான்: "சார், ஆத்துக்கு அந்தப் பக்கம் ரூம் எடுக்கறதா, இந்தப் பக்கமா?" தஹான் ஆறு தெம்பெலிங்கில் வந்து சேரும் குவாலா தஹானில், காட்டுக் கரையில் ஓர் உல்லாச விடுதி இருக்கிறது. எதிர்க்கரையில் கம்பத்து மலாய்க்காரர்களின் சிறு விடுதிகளும் மிதவைச் சாப்பாட்டுக் கடைகளும். நடுவில் சில்லறைக் காசுக்குப் படகு. வெறும் வாடகைக் கணக்கு என்றால் ஒரு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடலாம். நான் 1905இலிருந்து ஆரம்பிப்பேன். அதைக் கேட்டதும் என் மனைவி காப்பி போட உள்ளே போய்விடுவாள்.

அந்த ஆண்டில்தான் ஹெர்பர்ட் ராபின்சன் என்ற அருங்காட்சியகத்துக்காரரின் குழு, தீபகற்பத்தின் உயர்ந்த மலையான குனோங் தஹானின் 2,187 மீட்டர் உச்சியை எட்டியது. அதே ஆண்டில் தியோடர் ஹப்பேக், யானை வேட்டையையும் செலாடாங் என்னும் காட்டெருது வேட்டையையும் பற்றி ஒரு புத்தகம் போட்டார். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வரைந்த ஆர்தர் ஹப்பேக்கின் கூடப்பிறந்தவர் இவர். சுட்டுச் சுட்டு அலுத்தாரோ, மனம் மாறினாரோ, பின்னாளில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு விலங்குகளுக்காக வழக்காடத் தொடங்கினார். 1925இல் குனோங் தஹானைச் சுற்றி ஒரு காப்புக்காடு அமைந்தது. 1930இல் மலாயா முழுவதற்கும் வனவிலங்கு விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதை நடத்தியவர் ஹப்பேக். 1932இல் அறிக்கை வந்தபோது அவரோடு மல்லுக்கு நின்றவர்களில் முக்கியமானவர்கள் ரப்பர் துரைமார்கள். யானை வந்து இளங்கன்றுகளை மிதிக்கிறது, அதற்குப் பாதுகாப்பு வேறா என்பது அவர்கள் வாதம்.

எங்கள் பக்கக் கதை அதற்கு நேர் எதிர். 1909இல் கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷாரின் செல்வாக்குக்குள் வந்தது. பிறகு கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் மளமளவென்று பெருகின. காட்டை அழித்த இடத்தில் பால்மரம் நட்டவர்களில் எங்கள் தாத்தாமார்களும் உண்டு. அந்த வெட்டு பஹாங்கின் உள்காட்டுக்குள் வரக்கூடாது என்று கோடு கிழித்தவர் ஹப்பேக். 1938, 1939 ஆண்டுகளில் பஹாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் சட்டம் இயற்றி 4,343 சதுர கிலோமீட்டரை ஒதுக்கின. வைத்த பெயர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா. ஜப்பானியர் காலத்தில் ஹப்பேக் காணாமல் போனார், திரும்பவில்லை.

அந்தப் பூங்காவுக்கு முதலில் வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? வேட்டைக்காரர்களும் மலையேறிகளும் கூடாரத்தைச் சுமைகாரர்களின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பூங்கா பிறந்த நாளில் மலாயாவின் தலைமை வனவிலங்குக் காப்பாளராக வந்தவர் ஈ. ஓ. ஷெபியர். வங்காளத்து வனத்துறையில் வேலை பார்த்தவர், 1924, 1933 எவரெஸ்ட் பயணங்களில் போக்குவரத்துப் பொறுப்பில் இருந்தவர். இந்தியாவில் அவர் விட்டுவந்த உலகத்தில் காட்டு பங்களா என்று ஓர் ஏற்பாடு இருந்தது: அதிகாரி சுற்றுக்கு வந்தால் தங்க ஓர் ஓட்டு வீடு, ஒரு சமையல்காரர், ஒரு வருகைப் பதிவேடு. நீலகிரிப் பக்கம் போனவர்களுக்கு அது தெரியும். சாலையோரத்தில் அதற்கு முசாபரி பங்களா என்று பெயர். மலாயாவில் அதுவே ரெஸ்ட் ஹவுஸ். பூங்காவுக்குப் போகும் வழியிலுள்ள ஜெராண்டுட்டில்கூட ஒன்று இருந்தது. பிற்காலத்தில் காட்டுக்குப் போகும் வெளிநாட்டு இளைஞர்கள் முதுகுப்பையோடு வந்து விழுந்த இடம் அதுதான். ரெஸ்ட் ஹவுஸின் முதல் விதி, அரசாங்க உத்தியோகஸ்தருக்கே முன்னுரிமை. சாதாரணப் பயணி கட்டில் கேட்கலாம், ஆனால் துரை வந்தால் எழுந்துகொள்ள வேண்டும். பல இடங்களில் சமையல் ஹைனான் சீனர் கையில். அவர்கள் கோழி சாப்ஸைப் பற்றி இன்றைக்கும் பேசுகிற கிழவர்கள் உண்டு, நான் சாப்பிட்டதில்லை.

1930களில் ரப்பர் விலை நன்றாக இருந்த காலத்திலேயே தோட்டத்தில் ஆணுக்கு நாள் கூலி ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது. அந்தக் கூலியில் யார் பூங்கா பார்க்கப் போவது? எங்கள் ஆட்கள் வெளியூர் போனது கல்யாணத்துக்கும் சாவுக்கும் தைப்பூசத்துக்கும். பினாங்குக்குப் போனால் தண்ணீர்மலை அடிவாரம், கோயில் மண்டபம், இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டு அஞ்சடி. தைப்பிங்கில் ஒரு மாமன், சுங்கை சிப்புட்டில் ஒரு சித்தி என்று ஒவ்வொரு குடும்பத்தின் தலைக்குள்ளும் ஒரு தங்குமிடப் பட்டியல் இருந்தது. விருந்தாளி லயத்தில் இரவு தங்குவதாக இருந்தால் கிராணியிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு. நிலம் துரையுடையது, வாசல்கூட நம்முடையதில்லை. அப்படியும் எங்கள் வீட்டில் பாய் விரிக்காத மாதம் இல்லை என்று பாட்டி சொல்லுவாள்.

பூங்காவுக்குப் போகும் வழியில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை நான் எந்தப் பயண வழிகாட்டியிலும் பார்த்ததில்லை. கெமாஸிலிருந்து கிளந்தான் வரை காட்டைப் பிளந்து போகும் கிழக்குக் கரை ரயில் பாதை 1931இல் முழுமையானது. மலாயா ரயில்வேயின் மற்ற பாதைகளைப் போலவே அதிலும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது. ஜெராண்டுட்டில் இறங்கி, குவாலா தெம்பெலிங் படகுத்துறை போய், சுமார் அறுபது கிலோமீட்டர் ஆற்றை எதிர்த்துப் படகில் ஏறிப்போவதுதான் வெகுகாலம் குவாலா தஹானுக்கு வழியாக இருந்தது. ஜப்பானியர் தங்கள் ஆட்சியில் மெந்தகாப்புக்கு வடக்கே இந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள், பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட. 1943இல் கெடா தோட்டங்களிலிருந்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து போன தொழிலாளர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் என்று கணக்கு, பெரும்பாலோர் தமிழர்கள். என் தாத்தாவின் தம்பி அதில் ஒருவர். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றவரை அப்படியே லாரியில் ஏற்றினார்கள் என்பது வீட்டுப் பேச்சு. இரும்பும் போனது, ஆளும் போனார். தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு முடிக்க 1953 ஆயிற்று. பூங்காவுக்குப் போகிற மாணவர்களுக்கு நான் ஜெராண்டுட்டில் இதைச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

மெர்டேக்காவுக்குப் பிறகு பூங்கா தாமான் நெகாரா ஆனது. வெகுகாலம் வனவிலங்குத் துறையே அதன் விடுதிகளை நடத்திவந்தது. குவாலா தஹானில் சில மர வீடுகள், ஒரு பொதுப் படுக்கைக் கூடம், முகாம் திடல். மீன்பிடிக்காரர்களுக்காக லாத்தா பெர்கோவிலும் குவாலா பெர்காயிலும் குடில்கள். இவற்றைவிட எனக்குப் பிடித்தது பும்புன். விலங்குகள் உப்பு மண் நக்க வரும் இடத்தைப் பார்த்தபடி, தூண்கள் மேல் நிற்கும் மரக் கூண்டு அது. உள்ளே பலகைக் கட்டில், எதிரே நீளமான ஒரு திறப்பு, வேறொன்றுமில்லை. வேட்டைக்காரன் மறைந்திருந்து சுட்ட பரணைத்தான், துப்பாக்கியை எடுத்துவிட்டு, பார்க்கிறவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஹப்பேக்கின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கட்டடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பும்புன் கும்பாங்குக்குப் போக வேண்டுமானால் பதினோரு கிலோமீட்டர் நடை, அல்லது குவாலா திரெங்கான் வரை படகு, அதற்குமேல் முக்கால் மணி நேர நடை. அட்டை காலில் ஏறாமல் யாரும் போய்ச் சேர்ந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு முறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போக ஏற்பாடு செய்தோம். ஆண்டு இறுதி விடுமுறை ஆகாது. நவம்பர், டிசம்பரில் மழை கொட்டும், ஆறு ஏறும், அந்தக் காலத்தில் பூங்காவையே மூடிவிடுவார்கள். ஆகவே நடுவாண்டு விடுமுறை. பெற்றோர் கூட்டத்தில் பால் வெட்டும் ஓர் அம்மா எழுந்து நின்றார். புலி இருக்கிறதா, ஆறு ஆழமா என்று கேட்பார் என்று பார்த்தேன். "சார், அங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றார். இல்லைம்மா, கவர்மெண்டு ஹோஸ்டல் இருக்கு என்றேன். "ஹோஸ்டல் இருக்கட்டும் சார், ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல்னா யார் வீட்டுக் கதவத் தட்டுவீங்க?" கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. தங்குமிடம் என்பது கூரையா, கட்டிலா என்று அந்த அம்மா யோசிக்கவே இல்லை, ஆள் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். நான் உடனே பதில் சொல்லாமல் எங்கள் ஊர் மருத்துவமனை உதவியாளர் ஒருவரைப் பேசி, பேருந்தில் ஏற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துகள் வந்தன.

ராத்திரி முழுக்கப் பேருந்து, பிறகு படகு. அரிசி மூட்டை, நெத்திலி, சம்பல் எல்லாம் லூனாஸிலிருந்தே போனது. கூடத்துப் படுக்கைகளில் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் படுத்தார்கள். கட்டில் போதாமல் இல்லை, தனியே படுத்துப் பழக்கமில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரைப் பக்கத்துப் பும்புனுக்கு அழைத்துப்போனேன். மான் ஒன்று வந்தது. பேசாமல் இருக்கச் சொன்னதை அவர்கள் கடைப்பிடித்தது என் உத்தியோக வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

தொண்ணூறுகளில் காட்சி மாறியது. துறையின் விடுதிகள் தனியார் கைக்குப் போயின. குளிர்சாதன அறை, பபே சாப்பாடு, மரவுச்சியில் தொங்கு நடைபாலம். வசதி கூடியது, விலையும் கூடியது. அப்போதுதான் எதிர்க்கரைக் கம்பம் விழித்துக்கொண்டது. படகோட்டிகள் வீட்டுப் பின்புறத்தில் அறை கட்டினார்கள், ஆற்றில் மிதவை போட்டு நாசி கோரெங் விற்றார்கள். தார்ச் சாலையும் கம்பம் வரை வந்தது. படகுதான் ஒரே வழி என்ற நிலை போயிற்று. இதே காலத்தில்தான் எங்கள் பக்கம் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போக, 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பத் தொழிற்பேட்டை திறந்தது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் ஆலையில் ஷிப்ட் பார்த்து, தவணையில் காடி வாங்கினார்கள். பூங்காவுக்குக் குடும்பமாகப் போகும் லூனாஸ்காரர்கள் அப்படித்தான் உண்டானார்கள்.

இத்தனைக்கும் அந்தக் காட்டின் மூத்த குடிகள் பாத்தேக் மக்கள். பனையோலைச் சாய்ப்பு ஒன்றை அரை நாளுக்குள் எழுப்பி, வேண்டாதபோது விட்டுவிட்டுப் போகிறவர்கள், இன்றும் காட்டுக்குள்ளேயே இருக்கிறவர்கள். சுற்றுலாப் படகுகள் அவர்கள் குடியிருப்புகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய்ப் படம் பிடிக்க விடுவது எனக்குப் பிடிக்காது. லயத்து வாசலில் யாரோ வந்து நின்று நம்மைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

காப்பி ஆறுவதற்குள் பதிலுக்கு வந்துவிடுவேன். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் காட்டுக் கரை விடுதி. படியில் இறங்கியதும் காடு, படகு ஏறி இறங்கும் அலைச்சல் இல்லை. மற்றவர்களுக்கு எதிர்க்கரைக் கம்பம். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே அறைக்காரரின் வீடு பக்கத்திலேயே இருக்கும், ராத்திரி தட்ட ஒரு கதவு உண்டு. எங்கே தங்கினாலும் ஓர் இரவைப் பும்புனுக்கு ஒதுக்குங்கள். துறை அலுவலகத்தில் முன்பதிவு, நுழைவு அனுமதி, கேமராவுக்குத் தனிக் கட்டணம். குடிதண்ணீர், போர்வை, டார்ச், புகையிலைத் தண்ணீரில் நனைத்த காலுறை. புரட்டாசி விரதக்காரர்கள் மிதவைக் கடைகளை நம்ப வேண்டாம், பருப்பும் ஒரு சின்ன அடுப்பும் காடியிலேயே இருக்கட்டும்.