யுனிக்ஸ் மரபும் திறந்த மூல இயங்குதளங்களும்

யுனிக்ஸ் என்பது 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய கணினி இயங்குதளம் ஆகும். இன்றைய திறந்த மூல இயங்குதளங்களுள் முதன்மையானவை இதன் மரபில் வந்தவை. ஃபிரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகியன யுனிக்ஸின் நேரடி வாரிசுகள். லினக்ஸ், யுனிக்ஸின் வடிவமைப்பைப் பின்பற்றிப் புதிதாக எழுதப்பட்டது. இவற்றின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இவ்வுரிமை ஒரு காலத்தில் பறிபோய், பலருடைய உழைப்பால் மீட்கப்பட்டது.

தோற்றம்

மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து பெல் ஆய்வுக்கூடம் 1969இல் விலகியது. அத்திட்டத்தில் பணியாற்றிய கென் தாம்சன், பிடிபி-7 என்ற சிறு கணினியில் எளிய இயங்குதளம் ஒன்றை எழுதினார். டென்னிஸ் ரிட்சி முதலியோர் அவருடன் இணைந்தனர். ரிட்சி உருவாக்கிய சி மொழியில் 1973இல் யுனிக்ஸ் திருத்தி எழுதப்பட்டது. இதனால் அதை வேறு வகைக் கணினிகளுக்கும் கொண்டுசெல்ல வழி பிறந்தது.

ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பது யுனிக்ஸின் கொள்கை. டக் மெக்கில்ராய் வலியுறுத்திய 'குழாய்' வசதி, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு உள்ளீடாகத் தரும். பெயர்களைத் தேடுவது ஒரு நிரல், வரிசைப்படுத்துவது மற்றொன்று, எண்ணுவது வேறொன்று. மூன்றையும் ஒரே வரியில் இணைத்துவிடலாம்.

பாடநூலான மூலநிரல்

பெல் ஆய்வுக்கூடம் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டின் சட்ட உடன்பாட்டின்படி அந்நிறுவனம் கணினி வணிகத்தில் இறங்க இயலவில்லை. எனவே யுனிக்ஸ், மூலநிரலுடன் குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், ஆறாம் பதிப்பின் நிரலுக்கு மாணவர்களுக்காக விரிவான உரை எழுதினார். பழைய இலக்கண நூல்களுக்கு உரையாசிரியர்கள் ஆற்றிய பணியைப் போன்றது இது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர் பில் ஜாய் 1978இல் பிஎஸ்டி என்னும் தொகுப்பை வெளியிட்டார். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி, இணையத்தின் அடிப்படையான டிசிபி/ஐபி நெறிமுறைகளையும் கொண்டிருந்தது.

தடையும் மறுமொழியும்

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் கற்பிப்பதைத் தடுத்தது. லயன்ஸின் உரை ஒளிநகல்களாகக் கைமாறியது. 1984இல் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டு, கணினி வணிகத்திற்கு இருந்த தடையும் நீங்கியது. உரிமக் கட்டணம் ஏறியது.

இதற்கு மூன்று திசைகளிலிருந்து மறுமொழி எழுந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்து, யுனிக்ஸ் கருவிகளைக் கட்டற்ற மென்பொருளாக எழுதத் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம், வகுப்பில் தடையின்றிக் கற்பிப்பதற்காக 1987இல் மினிக்ஸை உருவாக்கினார். அதைப் பயன்படுத்திய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இல் லினக்ஸ் கருனியை எழுதினார்.

பெர்க்லியில் கீத் பாஸ்டிக்கின் அழைப்பை ஏற்று, தன்னார்வலர்கள் ஏடி அண்ட் டியின் நிரல்களை ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதினர். 1991இல் வெளியான தொகுப்பில், கருனிக்குத் தேவையான ஆறு கோப்புகள் மட்டுமே விடுபட்டிருந்தன. 1992இல் ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பல்கலைக்கழகமும் எதிர்வழக்குத் தொடுத்தது. பிஎஸ்டி நிரல்களைப் பயன்படுத்திய அந்நிறுவனம் அதற்குரிய நன்றியறிவிப்பை வெளியிடவில்லை என்பது அதன் வாதம். 1994இல் சமரசம் ஏற்பட்டபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை மூன்றே. ஆனால் வழக்கு நீடித்த காலத்தில் பலரும் பிஎஸ்டியை எடுத்தாளத் தயங்க, லினக்ஸ் வேகமாகப் பரவியது.

இன்றைய நிலை

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இயங்குவது லினக்ஸ் கருனி. ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் பிஎஸ்டி நிரல்கள் உள்ளன. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன. ஓப்பன்பிஎஸ்டி குழு உருவாக்கிய ஓப்பன்எஸ்எஸ்எச், லினக்ஸ் வழங்கிகளையும் காக்கிறது. பெயர்களும் உரிமங்களும் வேறுபட்டாலும், ஒன்றில் பழகியவர் மற்றொன்றிலும் எளிதில் பணியாற்றலாம்.

லயன்ஸின் உரை 1996இல் முறைப்படி நூலாக வெளிவந்தது. ஒளிநகலில் மறைவாகப் படிக்கப்பட்டுவந்த பாடத்தை, அதன்பின் மாணவர்கள் வெளிப்படையாகப் படிக்க முடிந்தது.