காகிதத் துண்டிலிருந்து கணினிக் கட்டம் வரை: இந்தியப் பட்டறைகளில் எரிபொருளும் தீப்பொறியும்

மாற்றியமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் என்றதும் உரத்த சைலன்சரும் பளபளக்கும் வண்ணப்பூச்சுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எந்திரத்தின் இயல்பைத் தீர்மானிப்பவை கண்ணுக்குத் தெரியாத இரண்டு முடிவுகள். உருளைக்குள் நுழையும் காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் சேர வேண்டும் என்பது ஒன்று. அக்கலவையைக் கொளுத்தும் தீப்பொறி எக்கணத்தில் எழ வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரு முடிவுகளையும் எடுக்கும் அறிவு இந்தியாவில் யார் கையில் இருந்தது, எவ்வாறு கைமாறியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1955 இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் தோன்றிய பின் நாடெங்கும் பரவிய புல்லட் வண்டியில், தீப்பொறியின் நேரத்தைப் ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகளே நிர்ணயித்தன. மெக்கானிக் அவற்றிடையே மெல்லிய காகிதத் துண்டொன்றைச் செருகி, எந்திரத்தை மெதுவாகச் சுழற்றுவார். காகிதம் பிடி தளர்ந்து நழுவும் கணமே தீப்பொறி எழும் கணம். எரிபொருளின் அளவுக்குக் கார்புரேட்டரின் ஜெட்டும் நீடிலும். சரிபார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக்கின் நிறம். பிளக் கரிபடிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பாயின் சரி. இவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படவில்லை. பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் சிறுவன் பார்த்தும் கேட்டும் கற்றுக்கொண்டான்.

1985 இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 இந்நிலையை ஓரளவு மாற்றியது. அதன் சி.டி.ஐ. மின்னணுப் பற்றவைப்பில் தேயும் தொடுமுனைகள் இல்லை. ஆயினும் எரிபொருள் இன்னும் மெக்கானிக்கின் கையிலேயே இருந்தது. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களுக்கு வண்டிகளைத் தயாரித்தவர்களுக்கு ஜெட்டின் எண் ஒன்று மாறினாலும் அதன் பொருள் தெரியும். நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகத்தில் கலவை மெலிந்தால், இரு வீச்சு எந்திரத்தின் பிஸ்டன் சூடேறி உருளையோடு பிடித்துக்கொள்ளும். பிழையின் விலை உடனே தெரிந்த பள்ளி அது.

மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் இந்நாட்டின் மோட்டார் சைக்கிள்களில் மெதுவாகவே நுழைந்தது. 2006 இல் ஹீரோ ஹோண்டா கிளாமர், 2007 இல் பஜாஜ் பல்சர் 220, 2009 இல் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 500 எனச் சில வண்டிகளில் மட்டும் அது இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்தது. நச்சுப் புகையை மாற்றும் வினையூக்கி, எடையளவில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு என்ற குறுகிய எல்லையில்தான் செம்மையாக இயங்கும். அத்துல்லியம் ஜெட்டுக்கு எளிதில் கைகூடாது. கார்துங் லா போன்ற உயர்ந்த கணவாய்களில் காற்று மெலிவதால் கார்புரேட்டர் வண்டிகள் மூச்சுத் திணறின. உட்செலுத்தல் வண்டியோ காற்றழுத்தத்தை உணரி மூலம் அறிந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இப்போது அவ்விரு முடிவுகளும் இ.சி.யூ. எனும் சிறு கணினியில் அட்டவணைகளாக உறைகின்றன. ஒரு பக்கம் எந்திரத்தின் சுழல்வேகம், மறுபக்கம் த்ராட்டில் திறப்பு அல்லது காற்றழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். ஒரு அட்டவணை பெட்ரோலுக்கு, மற்றொன்று தீப்பொறி எத்தனை பாகை முந்த வேண்டும் என்பதற்கு. சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் மாற்றியவர் உள்ளே செல்லும் காற்றின் அளவை மாற்றுகிறார். ஆலை எழுதிய எண்கள் அதை அறியா. சீரான ஓட்டத்தில் ஆக்சிஜன் உணரி பிழையை ஓரளவு திருத்தும். முழுத் திறப்பில் அத்திருத்தம் பொதுவாக இயங்குவதில்லை. அங்கே கலவை மெலிகிறது. தீப்பொறியை அளவுக்கு மீறி முந்தச் செய்தால் எந்திரம் ‘நாக்’ அடித்துப் பிஸ்டன் சிதைகிறது. எனவே டியூனர் அட்டவணையைத் திருத்தி எழுதுகிறார். அல்லது உணரிக்கும் இ.சி.யூ.வுக்கும் இடையே துணைக்கருவி ஒன்றைப் பொருத்தி, செல்லும் குறிப்புகளை மாற்றுகிறார்.

கைத்திறன் அழிந்தது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. டைனமோமீட்டர் முன் கட்டம் கட்டமாக எண்ணைத் திருத்துபவரின் பொறுமை, காகிதத் துண்டுடன் குனிந்திருந்தவரின் பொறுமைக்குக் குறைந்ததன்று. மாறியது கற்கும் வழி. ஜெட்டை எவரும் கழற்றிப் பார்க்கலாம், இ.சி.யூ. பூட்டப்பட்டு வருகிறது. ஒருவர் எழுதிய மேப் கோப்பாக ஊர் விட்டு ஊர் போகிறது. அதை ஏற்றுபவருக்கு அதன் காரணம் தெரிய வேண்டியதில்லை. வண்டியும் பெட்ரோலும் வேறுபடும்போது, காரணம் அறியாத அந்த எண்களே எந்திரத்தைக் கெடுக்கின்றன.

சட்டமும் இம்மாற்றத்தை முழுமையாகப் பின்தொடரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அச்சான்றிதழிலோ மேப்புக்கு இடமே இல்லை. பெட்ரோல் இருசக்கர வாகனத்தின் புகைச் சோதனை எந்திரம் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது நடக்கிறது. அட்டவணையில் அது ஒரு மூலை மட்டுமே. அம்மூலையைத் தொடாமல் மற்றக் கட்டங்களை எல்லாம் திருத்திய வண்டி சான்றிதழ் பெற்றுச் சாலைக்குத் திரும்பிவிடும். முழுத் திறப்பில் அது விடும் புகையைச் சாலையில் நிற்பவர்கள் சுவாசிப்பர்.

பட்டறைச் சிறுவன் எந்திரத்தைப் படிக்கக் கற்கும் உரிமையும், தெருவில் நடப்பவர் தூய காற்றைப் பெறும் உரிமையும் இன்று ஒரே அட்டவணைக்குள் அடங்கியுள்ளன. அதை முழுமையாகப் படிக்க வல்லவர் தயாரிப்பாளர் ஒருவரே என்ற நிலை நீடிக்கும்வரை இரண்டும் ஒருசேர நலிவுறும். மெக்கானிக்குக்கு அட்டவணையைக் கற்பிக்கும் தொழிற்கல்வியும், மூலையை மட்டுமன்றி முழு அட்டவணையையும் அளக்கும் சோதனையும் ஒன்றாக வர வேண்டியவை.