நீலாம்பூர்க் கூட்டமும் மின்பணக் கண்காணிப்பும்: ஒரு மறுவாசிப்பு

கொங்குப் பகுதி மக்கள் மின்பணக் கண்காணிப்பை எதிர்ப்பது கணக்கில் வராத பணத்தைக் காப்பாற்றத்தான் என்று ஒரு கருத்து உண்டு. அதற்குச் சான்றாகக் காட்டத்தக்கது 2024 ஜனவரி 29 அன்று கோவை நீலாம்பூரில் திரண்ட கூட்டம். செல்பேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று உறுப்பினர் சேர்த்த மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானதும், நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடினர்; தங்கள் வரவை அரசு ஆராயக் கூடாது என்றே கூடினர் என்று வாதிடலாம்.

அந்தக் கூட்டம் சொல்வது வேறு என்பது என் வாசிப்பு. வந்தவர்கள் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் நின்று, எவ்வளவு கட்டினோம், எவ்வளவு வந்தது என்று தாங்களே சொன்னார்கள். வரவை மறைக்க நினைப்பவர் ஊரறிய அதைச் சொல்வதில்லை. அவர்கள் அஞ்சியது வழக்கால் பணம் நின்றுபோகும் என்பதற்கே.

இந்த அச்சத்துக்கு உள்ளூர் முன்கதை உண்டு. மக்களிடம் முதலீடு திரட்டிய திருப்பூர் பாசி நிறுவனம் 2009-இல் சரிந்தபோது முதலீட்டாளர்களே காவல்துறையை நாடினர். வழக்கு சிபிஐ கைக்கு மாறி, 2022 ஆகஸ்டில்தான் கோவை நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது. தண்டனை கடுமையானதுதான், பணம் போட்டவருக்கோ பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பு. அரசு கை வைத்தால் பணம் கோர்ட்டில் மாட்டிக்கொள்ளும் என்ற எண்ணம் இங்கே பட்டறிவு. அதை அறியாமை என்று தள்ளுவது சரியன்று.

கூட்டத்தைத் திரட்டியது நிறுவனம்தானே என்பார்கள். இருக்கலாம், வந்தவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்ற கேள்வியை அது தொடவில்லை. ஒரு கூட்டத்தை மட்டும் வைத்து ஒரு வட்டாரத்தின் கருத்தை அறுதியிட முடியாது என்பது வலுவான மறுப்பு. ஆனால் 2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததும் இதே திசையில்தான். யுபிஐ வரவைக் கொண்டு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பிய பிறகே சிறு கடைக்காரர்கள் க்யூஆர் அட்டையைக் கழற்றினர். வரவு பதிவாகிறது என்பது அதற்கு முன்பும் தெரிந்ததுதான்; அவர்களை அசைத்தது நோட்டீஸ்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017-இன் புட்டசாமி தீர்ப்பிலிருந்து தொடங்கும் விவாதம் ஒரு வேறுபாட்டைப் போதிய அளவு கவனிக்கவில்லை: பார்ப்பது ஒன்று, பிடித்துவைப்பது வேறொன்று. யாரோ செய்த மோசடியின் பணம் யுபிஐ வழியாகத் தன் கணக்கில் விழுந்ததால் முழுக் கணக்கும் முடங்கிப்போகும் சிறு வியாபாரிக்கு இரண்டாவதுதான் பிரச்சினை. அன்றைய சரக்குக்கே அவரால் பணம் கட்ட முடியாது. சந்தேகத்துக்குரிய தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இந்த இடத்தைத்தான் தொட்டது.

2025 வருமானவரிச் சட்டம் சோதனை அதிகாரத்தை மின்வெளிக் கணக்குகளுக்கும் விரித்திருக்கிறது. அதுபற்றி இப்பகுதியில் கருத்தாய்வு நடத்துவோர் ‘அரசு பார்க்கலாமா?’ என்று மட்டும் கேட்டால் தவறான விடையே கிடைக்கும். எத்தனை நாள் பிடித்துவைக்கலாம், யாரிடம் முறையிடலாம் என்றும் கேட்க வேண்டும்.