சுவர் வழியே செல்லும் வெப்பமும் ஈரமும்

பாரிசின் லா சப்பல் கடைத்தெருவோடு நெருங்கிய உறவுள்ள ஈழத்தமிழர் பலர் வாழும் கார்ஜ் லே கொனெஸ் நகரில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க எழுந்த அடுக்ககங்கள், வெப்பக்காப்பு பெரிதாகக் கருதப்படாத காலத்தவை. திண்மப் பொருள்களில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் சமன்பாட்டை ஃபூரியே 1822இலேயே பாரிசில் நூலாக்கியிருந்தும், 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1974இல்தான் புதிய வீடுகளுக்கான முதல் வெப்ப ஒழுங்குவிதி பிரான்சில் பிறந்தது. வீடு முழுவதும் காற்று இடைவிடாது மாறவேண்டும் என்ற ஆணை 1969இல் வந்திருந்தது.

ஈரமோ கணக்குக்கு எளிதில் அடங்கவில்லை. சோறு வடிக்கையில் எழும் நீராவி, குளிர்ந்த கான்கிரீட் மூலையில் பனிநிலையை, அதாவது ஆவி நீராக மாறும் வெப்பநிலையை, எட்டிப் படிவதால் பூஞ்சை வளர்கிறது. சுவரின் உள்ளடுக்குகளில் நிகழும் இத்தகைய படிவைக் கணிக்க ஜெர்மனியின் கிளாசர் 1950களின் இறுதியில் வகுத்த வரைபட முறை, காற்றோட்டத்தையும் மழைநீர் ஊறலையும் விட்டுவிட்டது; வெப்பம், காற்று, ஈரம் மூன்றையும் ஒருசேர மணிக்கணக்காகத் தொடரும் மாதிரிகள் கணினியின் வருகைக்குப் பின்னரே நடைமுறைக்கு வந்தன.