ஹெல்த் காட் வந்த கதை

புத்தாண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, சோழரைப் பற்றியோ சங்கிலி மன்னனைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது எங்கள் எல்லோருடைய பேர்சிலும் கிடக்கிற ஹெல்த் காட்டின் கதை. இது எங்கடை சரித்திரம் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள். என்னுடைய அம்மாவின் கால்விரல்கள் இரண்டு அதற்குள் இருக்கின்றன.

1996 கார்த்திகையில் அம்மாவை ஸ்பொன்சரில் எடுப்பித்தேன். வயது 61, சீனி வருத்தம். நான் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் பக்ரறியில் மணிக்கு 7 டொலருக்கு வேலை. வந்த ஆட்களுக்கு மூன்று மாதம் முடிந்தால்தான் ஓஹிப் காட் என்றார்கள். அதற்கிடையில் தனியார் காப்புறுதி எடுக்கலாம், ஆனால் ஏற்கனவே உள்ள சீனி வருத்தத்துக்கு அது செல்லாதாம். அம்மாவுக்கு இது விளங்கவேயில்லை. "தர்மாஸ்பத்திரியிலை துண்டு எடுத்தால் மருந்து தருவினம்தானே. இவ்வளவு பெரிய நாட்டிலை அது இல்லையோ?" என்று கேட்டா.

விளங்காவிட்டாலும், டொக்டரிடம் போனால் மகனுக்குக் காசுச் செலவு என்பது மட்டும் நன்றாக விளங்கிவிட்டது. பனிச் சப்பாத்து உரசிக் காலில் வந்த கொப்புளத்தை மஞ்சள் பூசி, சொக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறா. காட் வந்த கிழமைதான் வாய் திறந்தா. அதற்குள் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "உன்ரை சம்பளம் எனக்குத் தெரியாதே?" என்றா.

விரலை வெட்டி எடுத்த சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. எல்லாம் காட்டில் போயிற்று. மூன்று மாதத்துக்கு முதல் காட்டியிருந்தால் சில நாள் மருந்தோடு முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். அன்றுதான் இந்தக் காட் எங்கேயிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

அதுவும் ஒரு காலில்தான் தொடங்குகிறது.

ஸ்கொட்லாந்திலிருந்து வினிப்பெக்குக்கு வந்து குடியேறிய ஒரு தொழிலாளி குடும்பத்தில் ரொமி டக்ளஸ் என்று ஒரு பையன். 1904இல் பிறந்தவர். காலெலும்பில் கிருமி பிடித்துவிட்டது. பெரிய சிகிச்சைக்குத் தகப்பனிடம் காசில்லை, ஆகவே காலை எடுத்துவிடுவதே வழி என்றார்கள். தற்செயலாக அங்கே வந்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், மாணவர்கள் பார்த்துப் படிக்க விட்டால் இலவசமாகச் செய்கிறேன் என்றார். கால் தப்பியது. தகப்பன் பணக்காரனாக இருந்திருந்தால் யாருடைய தயவும் தேவைப்பட்டிருக்காது என்ற நினைப்பு டக்ளஸை விட்டுப் போகவில்லை.

அவர் மதபோதகராகி, பிறகு அரசியலுக்கு வந்து, 1944இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதலமைச்சரானார். கோதுமை விவசாயிகளின் மாகாணம் அது. டொக்டருக்குக் கொடுக்கக் காசில்லாத ஊர்களில், வரிப்பணத்தில் ஊருக்கு ஒரு டொக்டரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே அங்கே தொடங்கியிருந்தது. 1947 ஜனவரி 1 முதல் ஆளுக்கு வருடம் 5 டொலர், குடும்பத்துக்கு ஆகக் கூடியது 30 டொலர் கட்டினால் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அரசினுடையது என்று ஆக்கினார். ஆஸ்பத்திரி சரி, டொக்டர்மாரின் கட்டணம்? அதற்குப் பிறகும் 15 வருடம் சென்றது.

1962 ஜூலை 1. டொக்டரைப் பார்ப்பதற்கும் அரசு காசு கொடுக்கும் சட்டம் சஸ்காச்சுவானில் நடைமுறைக்கு வந்தது. அதே நாள் மாகாணத்தின் பெரும்பாலான டொக்டர்மார் கதவைப் பூட்டினார்கள். அரசாங்கம் எங்களுக்கு எசமான் ஆகப் பார்க்கிறது என்பது அவர்கள் வாதம். முதல் நாளே, காய்ச்சலில் கிடந்த குழந்தையோடு டொக்டரைத் தேடி ஊரூராகக் கார் ஓடிய ஒரு குடும்பம் குழந்தையை வழியிலேயே பறிகொடுத்தது. பிரித்தானியாவிலிருந்து டொக்டர்மாரை இறக்கினார்கள். சில ஊர்களில் சனங்களே சேர்ந்து கிளினிக் திறந்தார்கள். டக்ளஸ் அப்போது முதல்வர் பதவியை விட்டுப் போயிருந்தார், ஜூனில் நடந்த மத்திய தேர்தலில் றெஜைனாவில் தோற்றும் போனார். அந்தச் சூட்டைத் தாங்கியவர் வூட்றோ லொயிட் என்ற பள்ளிக்கூட வாத்தியார். அவரை எவரும் நினைப்பதில்லை என்பது எனக்குக் கவலை. 23 நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது.

அதற்குப் பிறகு நாடு முழுவதும் பரவியதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1964இல் நீதிபதி எமெற் ஹோலின் ஆணைக்குழு எல்லாருக்கும் பொதுக்காப்புறுதி வேண்டும் என்றது. 1966இல் மத்திய சட்டம் வந்தது. ஒன்ராறியோ 1969இல் சேர்ந்தது. 1984 சட்டத்தால், காப்புறுதிக்குள் வரும் வைத்தியத்துக்கு டொக்டர் மேலதிகக் காசு கேட்டால் மாகாணத்துக்கு வரும் மத்திய பணம் வெட்டப்படும் என்றாயிற்று. ஆனால் வெளியில் எடுக்கும் மருந்தும், பல்லும் உள்ளே வரவில்லை. மருந்தையும் சேர்க்கச் சொல்லித்தான் ஹோல் எழுதியிருந்தார். அம்மாவின் மருந்துக்கு மாதாமாதம் நான் ஓவர்ரைம் அடித்தது அதனால்தான்.

அந்த மூன்று மாதம்? அது 1994இல் ஒன்ராறியோ அரசு செலவைக் குறைக்கப் போட்ட விதி. அகதிக் கோரிக்கையாளரையும் அதே வருடம் ஓஹிப்பிலிருந்து விலக்கினார்கள். அவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் ஒன்றுதான் மிச்சம்.

அதிலும் 2012 ஜூன் 30 அன்று கைவைத்தார்கள். திகதியைப் பாருங்கள்: சஸ்காச்சுவான் சட்டத்துக்கு 50 வருடம் நிறைய ஒரே ஒரு நாள் இருந்தது. எங்கடை ஆட்களைப் போன்ற கோரிக்கையாளர்களுக்கு டொக்டரைப் பார்க்கலாம், ஆனால் மற்றவர்களுக்குத் தொற்றும் வருத்தம் என்றாலொழிய மருந்து இல்லை. அந்த வருடம் ஒரு இளம் குடும்பத்துக்கு மொழிபெயர்க்கப் போனேன். முட்டு வருத்தக்காரப் பிள்ளை. டொக்டர் எழுதிய துண்டோடு பார்மசியில் நின்றோம். பம்ப்புக்குக் காசு கட்டவேண்டும் என்றாள் அந்தப் பெட்டை, முகத்தைப் பார்க்காமல். தகப்பன் பேர்சைத் திறந்து எண்ணத் தொடங்கினார். எனக்கு அம்மாவின் சொக்ஸ்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் இந்த முறை டொக்டர்மார் நின்ற பக்கம் வேறு. வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கினார்கள், ரொறன்ரோவில் ஒரு அமைச்சரின் அலுவலகத்துக்குள்ளேயே போய் நின்றார்கள். பிறகு வழக்கும் போட்டார்கள். 2014 ஜூலை 4 அன்று நீதிபதி ஆன் மக்ராவிஷ், இந்த வெட்டு கொடுமையானது, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, அரசியற் சாசனத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தார். 2016 ஏப்ரல் 1இல் திட்டம் முழுதாகத் திரும்பியது. எங்கள் புதுவருடத்துக்கு இரண்டு கிழமை முந்தி.

மூன்று மாத விதியை 2020 மார்ச்சில், கொரோனா வந்தபோது, ஒன்ராறியோ எடுத்துவிட்டது. அம்மா அதற்குச் சில வருடம் முதலே போய்ச் சேர்ந்துவிட்டா. கொரோனாக் காலத்தில் காட் இல்லாதவர்களுக்கும் மாகாணம் காசு கட்டியது. அது 2023 மார்ச் 31உடன் நின்றுபோயிற்று. ஆகவே விசா முடிந்தவர்கள், கேஸ் தோற்றுப் போனவர்கள் இப்போதும் எங்கள் மத்தியில் வருத்தத்தை மறைத்துக்கொண்டு திரிகிறார்கள். சமூக சுகாதார நிலையங்களில் காட் இல்லாதவர்களையும் பார்ப்பார்கள். முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கோ. ஆங்கிலம் கதைக்கப் பயமென்றால், சனிக்கிழமைகளில் நான் சங்க அலுவலகத்தில்தான் இருக்கிறேன், கூட வருவேன்.