உல்ம் தெருவில் ஐந்து நிமிடங்கள்

பாரிஸ் மாநகரின் இலத்தீன் வட்டாரத்தில் உல்ம் தெரு என்றொரு தெரு உண்டு. அதன் தலைமாட்டில் பாந்தியோன் என்னும் பெருங்கட்டடம் நிற்கிறது. நோயினின்று பிழைத்த 15ஆம் லூயி மன்னன், புனித ஜெனவியேவுக்கு நேர்ந்துகொண்டு எழுப்பத் தொடங்கிய ஆலயம் அது. புரட்சியின்போது, 1791இல், நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் மண்டபமாக அது மாற்றப்பட்டது. பின்னர் ஆட்சிகள் மாற மாற ஆலயமாகவும் மண்டபமாகவும் மாறி, 1885 முதல் மண்டபமாகவே நிலைத்துவிட்டது. சமதர்மத் தலைவர் ழான் ழோரேசின் உடலும் 1924இல் அங்கு கொண்டுவந்து வைக்கப்பட்டது. பிரான்சின் பேரறிஞர்கள் பலரை உருவாக்கிய 'எக்கோல் நோர்மால்' கல்லூரியும் அதே உல்ம் தெருவில்தான் இருக்கிறது.

இத்தகைய தெருவில், அருள்சகோதரிகள் நற்கருணை ஆராதனை செய்துவந்த சிற்றாலயம் ஒன்றும் இருந்தது. 1935 ஜூலை 8ஆம் நாள் மாலை 5 மணி 10 நிமிடத்திற்கு ஓர் இளைஞர் அதற்குள் நுழைந்தார். அவருக்கு வயது 20. செபிக்க வரவில்லை, உள்ளே சென்ற நண்பர் திரும்பி வரத் தாமதமாகவே, அவரைத் தேடி வந்தார். சகோதரிகள் செபித்துக்கொண்டிருந்தனர். பீடத்தின்மேல் மெழுகுதிரிகளுக்கு நடுவே கதிர்ப்பாத்திரம் இருந்தது. அது இன்னதென்று அவருக்குத் தெரியாது. நண்பரைக் கண்களால் துழாவியவர், ஏதோ ஒரு திரியின் சுடரில் பார்வையை நிறுத்தினார். 5 மணி 15க்கு வெளியே வந்தபோது அவர் கத்தோலிக்கராக இருந்தார். இடையில் நேர்ந்தது ஒளியென்றும், இனிமையென்றும், இறைவன் ஒருவர் உண்டு என்னும் ஐயமற்ற தெளிவென்றும் பிற்காலத்தில் சொன்னார். அவர்தாம் ஆந்திரே ஃப்ரோசார்.

இந்நிகழ்ச்சியைத் தியானப் பிரசங்கங்களில் கேட்ட வாசகர்கள் இருக்கலாம். நாமும் அப்படித்தான் முதலில் கேட்டோம். கேட்டவுடன் மகிழ்ச்சியும், சற்றுப் பின்னர் ஒரு சங்கடமும் உண்டாயின. தேடாதவருக்கு இவ்வளவு எளிதில் கிடைத்தது, ஆண்டாண்டாய் மறைக்கல்வி பயின்ற நம் பிள்ளைகள் சிலருக்கு ஏன் கிடைக்கவில்லை? இச்சங்கடத்தோடுதான் அவருடைய வரலாற்றை மீண்டும் படிக்கத் தொடங்கினோம்.

1969இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'கடவுள் இருக்கிறார், நான் அவரைச் சந்தித்தேன்' என்று பொருள்படுவது. அந்த ஐந்து நிமிடங்களை நாடி அதைத் திறப்பவர் ஏமாறுவார். அவற்றுக்குக் கடைசியில் சில பக்கங்களே உள்ளன. நூலின் பெரும்பகுதி அவர் பிறந்து வளர்ந்த இல்லத்தைப் பற்றியது.

தந்தை லூயி ஓஸ்கார் ஃப்ரோசார் தொடக்கத்தில் பள்ளி ஆசிரியர். 1920 டிசம்பரில் தூர் நகர மாநாட்டில் சோசலிஸ்ட் கட்சி பிளவுண்டு பொதுவுடைமைக் கட்சி பிறந்தபோது அதன் முதற் பொதுச் செயலாளரானவர். 1923இன் தொடக்கத்தில் மாஸ்கோவோடு முரண்பட்டு விலகினார். 1935இல் மகன் அந்தச் சிற்றாலயத்திற்குள் நுழைந்தபோது அவர் தொழிலாளர் நல அமைச்சர். தந்தைவழிப் பாட்டி யூதக் குலத்தவர். தாயின் குடும்பம் புரொட்டஸ்டாண்டு மரபினது. ஆனால் வீட்டில் எவ்வகைச் சமயமும் இல்லை. சிறுவன் உறங்கிய அறையில் கார்ல் மார்க்சின் படம் இருந்தது. அங்கே கடவுளை யாரும் ஏசவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஏசுவதற்கும் ஒருவர் இருக்கவேண்டுமே! கடவுள் உண்டா என்ற வினாவே எழாத இல்லம் அது. பள்ளியிலிருந்து மறைக்கல்வியை 1882ஆம் ஆண்டுச் சட்டமும், அரசினின்று திருச்சபையை 1905ஆம் ஆண்டுச் சட்டமும் பிரித்துவிட்ட நாட்டில் அப்படி வாழ்வது அரிதன்று.

எனினும் அது வெறுமையான வீடு அன்று. ஏழைக்கு நீதி கிடைக்கும், மனிதகுலம் ஒருநாள் ஒன்றாகும் என்னும் நம்பிக்கை அங்கே நிறைந்திருந்தது. அதற்காகத் தந்தை ஊர் ஊராய் உழைத்தார். மகன் இதை ஏளனம் செய்யாமல், நன்றியோடு எழுதுகிறார். இருண்ட வீட்டிலிருந்து தப்பியோடியவர் என்று அவரைச் சித்திரிப்பது நம் பிரசங்க வழக்கத்திற்கு ஏற்றதாயிருக்கலாம்; அவருடைய நூலுக்கு ஏற்றதன்று.

புனித அகுஸ்தினாருக்காகக் கண்ணீர் வடிக்க மோனிக்கம்மாள் இருந்தார். தமஸ்கு சாலையில் விழுந்த சவுல், விழுமுன்னரே இறைவனை அறிந்தவர். ஃப்ரோசாருக்கோ இவ்விரண்டும் இல்லை. அவருக்காக வீட்டில் செபித்தவர் எவருமில்லை. அந்த மாலையில் முழந்தாட்படியிட்டிருந்த சகோதரிகள் மட்டும் இருந்தார்கள். பின்னால் கதவு திறந்ததை அவர்களுள் எவரேனும் கேட்டிருந்தாலும், நுழைந்தவர் யாரென்று அறிந்திருக்கமாட்டார்கள். நம் சங்கடத்திற்கு இது விடையாகாது. ஆனால் பலன் காணாது செபிக்கும் தாய்மாருக்கு இந்தச் சகோதரிகளை நினைவூட்டலாம் என்று தோன்றுகிறது.

வீட்டார் என்ன செய்தனர்? மகனுக்கு மனம் பேதலித்ததோ என்று அஞ்சிய தந்தை, தம் நண்பரான மருத்துவர் ஒருவரைக் கொண்டு பரிசோதிக்கச் செய்தார். மருத்துவரும் நாத்திகர், சோசலிஸ்ட். இளைஞரோடு நயமாகப் பேசிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முடிவு: இது 'அருள்' என்னும் நிலை; அஞ்சவேண்டியதில்லை; ஈராண்டளவில் தழும்பின்றி ஆறிவிடும். நோயின் பெயரை மட்டும் அவர் சரியாகவே சொன்னார்! வீட்டில் பூசலை வளர்க்கவேண்டாம் என்று இருதரப்பும் இசைந்தன. பிற்பாடு தங்கையும், அவருக்குப் பின் தாயும் திருச்சபைக்கு வந்தனர்.

ஆறுமா ஆறாதா என்பது லியோன் நகரில் சோதிக்கப்பட்டது. 1943 டிசம்பரில் கெஸ்டாப்போ அவரைக் கைதுசெய்து மோன்லூக் சிறையில் 'யூதர் கொட்டகை' எனப்பட்ட பகுதியில் அடைத்தது. அங்கிருந்தவர் 79 பேர். அவர்களுள் 72 பேர் 1944 ஆகஸ்டு 17 அன்று புரோன் என்னுமிடத்தில் கொல்லப்பட்டனர். எஞ்சிய எழுவருள் ஒருவர் ஃப்ரோசார். இறைவனைச் சந்தித்ததைப் பற்றி நூல் எழுத 34 ஆண்டுகள் காத்திருந்தவர், அந்தக் கொட்டகையைப் பற்றி அடுத்த ஆண்டே, 1945இல், எழுதி வெளியிட்டார். இந்த வரிசை நமக்கு வியப்பளித்தது. தம் பேரின்பத்தைவிடத் தம்மோடிருந்தோர் சாவுக்கே முதலில் சாட்சியம் வேண்டுமென அவர் கருதினார் போலும். 1987இல் கிளாவுஸ் பார்பி மீதான வழக்கில் 72 வயதில் கூண்டேறி, தம்முடன் சிறையிருந்து சித்திரவதையால் மாண்ட யூதப் பேராசிரியர் ஒருவரைப் பற்றிச் சாட்சி சொன்னார். ஒருவரை அவர் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கொல்வதே மானிடத்துக்கு எதிரான குற்றம் என்று விளக்கினார்.

பத்திரிகையாளராக நாள்தோறும் எழுதிய அவர், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரோடு நிகழ்த்திய உரையாடலை 1982இல் நூலாக்கினார். 1987இல் பிரெஞ்சு அக்காதெமிக்குத் தேர்வு பெற்றார். ஈராண்டில் ஆறும் என்று மருத்துவர் கணித்தது, 1995 பிப்ரவரி 2இல், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று, அவர் இறக்கும்வரை ஆறவில்லை.