எவர்சில்வர் டம்ளர் செய்த பாவம்

மைக்ரோவேவ் வீட்டுக்கு வந்த முதல் வாரமே அம்மா ஒரு கேள்வி கேட்டார். பால் சூடு பண்ண எவர்சில்வர் டம்ளரை உள்ளே வைக்கப் போனவரை ஓடிப்போய்த் தடுத்திருந்தேன்.

“ஏன்டா, அந்தப் பெட்டி உள்ளே பூரா தகரம்தானே? அதுக்கு ஒண்ணும் ஆகல. என் டம்ளர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்தவன் நான். மின்காந்த அலைகள் பேப்பரில் பாஸும் ஆகியிருக்கிறேன். “மெட்டல் வைக்கக் கூடாதும்மா, அவ்வளவுதான்” என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

என் வேலையில் இந்த மாதிரி வரிகளை அடிக்கடி பார்ப்பேன். பத்து வருஷப் பழைய கோடில் யாரோ “இதைத் தொடாதே” என்று எழுதி வைத்திருப்பார். ஏன் என்று எழுதியிருக்க மாட்டார். ஆளும் வேலையை விட்டுப் போயிருப்பார். நாமும் தொட மாட்டோம். மைக்ரோவேவில் உலோகம் கூடாது என்பதும் அப்படி ஒரு வரிதான். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், போர்க்காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

1940 பிப்ரவரி. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இருவர் ஒரு செம்புக் கட்டையில் நடுவே பெரிய துளையும் சுற்றிலும் ஆறு துளைகளுமாகக் குடைந்து, பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அலைநீளத்தில் வலுவான ரேடியோ அலைகளை எழுப்பினார்கள். கேவிட்டி மேக்னட்ரான். ஜெர்மன் விமானங்களைத் தேடும் ரேடாருக்காகச் செய்தது. அதே ஆண்டு பிரிட்டன் அதை ரகசியமாக அமெரிக்காவுக்கு அனுப்பியது. எடுத்துச் சென்ற பொறுப்பு எட்வர்ட் போவன் என்ற இளம் இயற்பியலாளருடையது. லண்டன் ஓட்டலின் லாக்கருக்குள் பெட்டி நுழையவில்லை. அதனால் ராத்திரி முழுக்க கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். அதுவும் தகரப் பெட்டிதான். அம்மா கேட்டால் சிரிப்பார்.

அமெரிக்காவில் மேக்னட்ரானை மொத்தமாகச் செய்து தள்ளிய நிறுவனங்களில் ஒன்று ரேதியான். அங்கே பெர்சி ஸ்பென்சர் என்றொருவர் இருந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், கடற்படையில் ரேடியோ கற்றவர். ஓடிக்கொண்டிருந்த மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியது என்பது எல்லோரும் சொல்லும் கதை. கதை எப்படியோ, அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். அலைகள் சிதறிப் போகாமல் இருக்க ஓர் உலோகப் பெட்டிக்குள் அவற்றை அடைத்தார். 1945 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947இல் வந்த ‘ரேடாரேஞ்ச்’ ஏறக்குறைய ஆள் உயரம், 340 கிலோ, குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் வேறு.

ஆக, இந்தக் கருவியே உலோகத்தை நம்பித்தான் பிறந்தது. சுவர்கள் அலைகளைத் திருப்பித் திருப்பி அடிக்காவிட்டால் சமையலே கிடையாது. கதவில் இருக்கும் சல்லடையும் உலோகம்தான். 12 சென்டிமீட்டர் அலை அந்தப் பொடித் துளை வழியே வெளியே வர முடியாது, வெளிச்சம் வரும்.

அப்புறம் ஏன் தடை?

மேக்னட்ரான் அனுப்பும் ஆற்றலை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். உணவில் இருக்கும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை என்றாலோ, உணவை உலோகம் மூடி மறைத்துவிட்டாலோ, அலைகள் அனுப்பியவரிடமே திரும்பி வருகின்றன. ஆரம்பகால மேக்னட்ரான்கள் அதைத் தாங்காமல் சூடேறிப் பழுதாகும். காலியாக ஓடினாலும் தாக்குப்பிடிக்கும் அடுப்பை லிட்டன் நிறுவனம் வடிவமைத்தது 1960களில்தான். என் வாசிப்பில், அந்த எச்சரிக்கை முதலில் காப்பாற்ற நினைத்தது நம்மை அல்ல, மெஷினை.

1967இல் அமானா நிறுவனம் 495 டாலருக்கு மேஜைமேல் வைக்கும் மைக்ரோவேவைக் கொண்டுவந்தபோது பயத்தின் முகம் மாறியது. இப்போது அது வீட்டுக்குள், குழந்தைகள் பக்கத்தில். கதிர்வீச்சு கசியுமோ என்ற பேச்சு கிளம்பி, 1968இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. கசிவுக்கான வரம்பு 1971இல் வந்தது. உலோகப் பயமும் கதிர்வீச்சுப் பயமும் அப்போதே ஒன்றாகக் கலந்துவிட்டன என்று தோன்றுகிறது. உள்ளே கரண்டி இருந்தால் சாப்பாட்டில் கதிர்வீச்சு ஏறிவிடும் என்று நம்பும் படித்தவர்களை எனக்குத் தெரியும். அப்படி எதுவும் ஏறாது.

பொறி பறப்பது மட்டும் நிஜம். அலை பட்டதும் உலோகத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. வழவழப்பான இடத்தில் பரவிக்கொள்ளும், கூர்முனையில் குவியும். சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் ஆனால் காற்றே மின்சாரத்தைக் கடத்திவிடும்: குட்டி மின்னல். ஃபோர்க், கசங்கிய அலுமினியத் தாள், ஸ்டேப்ளர் பின் எல்லாம் அதனால்தான் ஆகாது. தங்க விளிம்பு வைத்த பீங்கான் தட்டு வேறு கதை. அந்த முலாம் அவ்வளவு மெல்லியது, ஓடும் மின்னோட்டத்தைத் தாங்காமல் கருகும். பொறிக்கு உலோகமே வேண்டும் என்பதுகூட இல்லை. ஒட்டியபடி வைத்த இரண்டு திராட்சைகளுக்கு நடுவே நெருப்பு கிளம்புவது ஏன் என்று கனடா ஆய்வாளர்கள் 2019இல் விளக்கினார்கள்.

அம்மாவின் டம்ளருக்குக் கூர்முனை கிடையாது. நிறையப் பாலோடு நடுவில் வைத்தால் பெரும்பாலும் சத்தமே வராது. ஆனால் சுவரைத் தொட்டாலோ நெருங்கினாலோ இடையில் பொறி தாவும், உள்பூச்சு கருகும். இன்னொன்று, பக்கவாட்டில் வரும் அலைகளை எவர்சில்வர் திருப்பிவிடுவதால் மேல்பால் மட்டும்தான் சூடாகும். டம்ளர் செய்யும் உண்மையான பாவம் அதுதான். இதைப் படித்துவிட்டு இன்றே டம்ளரை உள்ளே வைக்காதீர்கள். உங்கள் மெஷினோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில மெஷின்களுக்குக் கம்பெனியே உலோகத் தட்டு கொடுக்கிறது. மைக்ரோவேவ் பாப்கார்ன் பாக்கெட்டுக்குள் இருக்கும் சாம்பல் நிறப் பட்டையிலும் அலுமினியம்தான். சூடேற வேண்டும் என்றே அதை நானோமீட்டர் கணக்கில் பூசியிருக்கிறார்கள்.

இத்தனை ‘ஆனால்’களை யாரும் எச்சரிக்கை ஸ்டிக்கரில் எழுத முடியாது. “உலோகம் கூடாது” என்று சுருக்கியதில் தப்பில்லை. ஆனால் சுருக்கியதற்கும் ஒரு விலை இருந்தது. 1950களில் ஸ்வான்சன் நிறுவனம் 98 சென்ட்டுக்கு விற்ற டிவி டின்னர், குழி குழியாகப் பிரித்த அலுமினியத் தட்டில் வரும். அமெரிக்க வீடுகளில் ஒரு தலைமுறையே அதில் சாப்பிட்டு வளர்ந்தது. 1986இல், நான்கில் ஒரு வீட்டுக்காவது மைக்ரோவேவ் வந்திருந்த சமயம், அந்தத் தட்டை பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். பழைய தட்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2023இல் நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தை உணவு பிளாஸ்டிக் டப்பாக்களை மைக்ரோவேவில் மூன்று நிமிடம் சூடாக்கிப் பார்த்தார்கள். சிலவற்றில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 லட்சம் மைக்ரோபிளாஸ்டிக் துகள்கள், 200 கோடி நானோபிளாஸ்டிக் துகள்கள் வரை உதிர்ந்தன. உடம்பை அவை என்ன செய்யும் என்பதில் ஆய்வு இன்னும் முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அன்று நான் டம்ளரைப் பிடுங்கிவிட்டு அம்மா கையில் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத்தான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பாலைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றிச் சூடு பண்ணி எடுத்து, எவர்சில்வர் டம்ளரில் ஆற்றிக்கொண்டே சொன்னார்: “இதுக்கு அடுப்புலயே வச்சிருக்கலாம்லடா.”